புடமிட்ட பளிங்கு

வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி நிலையத்தைத் தேடிப் பிடித்துப் பழகிய நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நேற்று முள் எந்த இலக்கத்தில் நின்றதோ, இன்றும் அதே இலக்கத்திலேதான் நிலையம் அகப்படுகின்றது. மழை பெய்தாலும் வெயில் எரித்தாலும் அஃது இடம் பெயர்வதில்லை. ஒலிபரப்பியை இவ்வாறு ஓரிடத்திற் கட்டி வைத்துக் காவல் புரிந்து வந்தது, தபால் முத்திரையிலும் சிறிய ஒரு கல் தகடு என்றால் சிலர் வியப்படையக்கூடும். அந்தக் கல்லின் பெயர் குவாட்சு. நம் முன்னோர் படிகம் என்றும் பளிங்கு என்றும் வழங்கிய நிறமற்ற கல் அதுவேயாகும். கையிற் கட்டும் கடிகாரத்திலும், கணினியிலும், கைத்தொலைபேசியிலும், பூமியைச் சுற்றிவரும் செயற்கைக் கோள்களிலும் இன்று அதன் ஆட்சியே நடைபெறுகின்றது.

அந்தக் கல்லை மனிதன் இரும்புக் கலத்தில் வளர்த்தெடுக்கிறான். வளர்த்த பின், அதனைச் சூட்டாலும் மின்னாலும் புடமிட்டு மேலும் தூயதாக்குகிறான். பொன்னைப் புடமிடுவது நாம் அறிந்த செய்தி. பளிங்கைப் புடமிடுவது எவ்வாறு, அதற்குத் தேவைதான் என்ன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் இக்கல்லின் இயல்பைச் சிறிது பார்ப்போம். 1880ஆம் ஆண்டிலே பாரிசு நகரில் யாக்கு கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர் இருவர் சில பளிங்குகளை அமுக்கிப் பார்த்தார்கள். அமுக்கியபோது அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றியது. அடுத்த ஆண்டிலே இலிப்மன் என்னும் அறிஞர், அமுக்கினால் மின் தோன்றுமாயின் மின்னை ஊட்டினால் பளிங்கு தன் உருவிற் சிறிது மாறவேண்டும் எனக் கணக்கிட்டுச் சொன்னார். கியூரி சகோதரர் அதனையும் சோதித்து உண்மையெனக் கண்டனர். ஆகவே, திசை மாறி மாறி வரும் மின்னைக் குவாட்சுத் தகட்டுக்கு ஊட்டினால் தகடு விரிந்தும் சுருங்கியும் அதிரும். ஊட்டும் மின்னின் வேகம் தகட்டின் இயல்பான அதிர்வு வேகத்தோடு ஒத்துவிட்டால், ஊஞ்சலைத் தக்க தருணத்தில் உந்துவதுபோல, அதிர்வு பன்மடங்கு பெருகும். இதனைப் பரிவு என்பார்கள். ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகையே மீடிறன்.

அத்தொகை தகட்டின் தடிப்பைப் பொறுத்தது. 1934இல் அறிமுகமான ஏ.ரி. வெட்டு என்ற முறையில் அறுத்த தகடு ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு தடிப்புடையதாயின், செக்கனுக்கு ஏறக்குறைய 50 இலட்சம் முறை அதிரும். தடிப்பைப் பாதியாக்கினால் அதிர்வு இரட்டிக்கும். 1921இல் அமெரிக்கரான வால்ற்றர் கேடி இவ்வகைத் தகட்டைக் கொண்டு மின்னலைகளை நிலைப்படுத்தினார். 1927இல் பெல் ஆய்வுகூடத்தில் வாரன் மாரிசன் குவாட்சுக் கடிகாரத்தை அமைத்தார்.

ஒரு தகடு நல்லதா தீயதா என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு. ஆலயமணியை ஒருமுறை அடித்துவிட்டுக் கேளுங்கள். நல்ல வெண்கல மணியின் நாதம் நெடுநேரம் நின்று ஒலிக்கும். உள்ளே கீறலோ தளர்ந்த துண்டோ இருப்பின் நாதம் உடனே அடங்கிவிடும். குவாட்சின் பெருமை அதன் நாதம் அடங்காமையிலேயே இருக்கின்றது. அதனை அளக்கும் எண்ணைத் தரக் காரணி என்பார்கள். நுட்பமாகச் செய்யப்பட்ட 50 இலட்ச அதிர்வுத் தகட்டில் இவ்வெண் 20 இலட்சத்தையும் தாண்டுகின்றது. இரும்பிலோ வெண்கலத்திலோ இதனை எதிர்பார்க்க இயலாது. தகட்டின் உள்ளே தளர்ந்து கிடப்பது எதுவாயினும், அணுவளவினதேயாயினும், அந்த நாதத்தைத் திருடிவிடும். இனி நாம் பேசப்போவது அந்தத் திருடனைப் பற்றியே.

இரண்டாம் உலகப் போரின்போது வானொலித் தொடர்புக்காகக் கோடிக்கணக்கான குவாட்சுத் தகடுகள் தேவைப்பட்டன. தகடு அறுக்கத் தகுந்த பெரிய, பழுதற்ற கற்கள் பெரும்பாலும் பிறேசில் நாட்டிலிருந்தே வந்தன. ஒரு நாட்டின் சுரங்கத்தை நம்பிப் படைகள் நிற்கவேண்டிய நிலை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆகவே, கல்லைக் கையால் வளர்க்கும் முயற்சி சூடுபிடித்தது. இத்தாலியில் தூரின் நகரப் பேராசிரியர் சுபேசியா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிறு பளிங்குகளை மாதக்கணக்கிற் காத்திருந்து வளர்த்துக் காட்டியிருந்தார். அவர் காட்டிய வழியை ஜேர்மனியர் தொடர்ந்தனர்; போருக்குப் பின் அமெரிக்கரும் பிரித்தானியரும் அதனைச் செம்மையாக்கினர். 1950களின் இறுதியில் வளர்ப்புக் குவாட்சு வணிகப் பொருளாயிற்று.

வளர்க்கும் முறை நம் வீட்டார்க்குப் புதியதன்று. சீனிப்பாகில் நூலைத் தொங்கவிட்டுக் கற்கண்டு விளைவிப்பதைப் போன்றதே அது. ஆனால், சீனி வெந்நீரிற் கரையும். குவாட்சு அவ்வளவு எளிதிற் கரையாது. எனவே, தடித்த உருக்குக் கலமொன்றின் அடியில் உடைத்த குவாட்சுத் துண்டுகளை இட்டு, சோடியம் சேர்ந்த காரக் கரைசலை ஊற்றி, மேற்புறத்தில் மெல்லிய வித்துப் பலகைகளைத் தொங்கவிட்டு இறுக மூடுகிறார்கள். 350 பாகை செல்சியசை அடுத்த வெப்பம். வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்கை எட்டும் அமுக்கம். அடியில் வெப்பம் சற்று மிகுதி. அங்கே கல் கரைகின்றது. மேலே வெப்பம் சற்றுக் குறைவு. அங்கே கரைந்த கல் வித்தின்மேற் படிகின்றது. வளர்ச்சி நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றரைத் தாண்டுவது அரிது. விரைவுபடுத்தினால் அழுக்கும் பழுதும் உடன் வளரும். வாழைக்குலையைப் புகையூட்டிப் பழுக்கவைப்பதுபோல் இதனை அவசரப்படுத்த இயலாது.

இங்கே நேயர் ஒருவர் கேட்கலாம்: மனிதன் தன் கண்முன்னே வளர்த்த கல், மண்ணிற் கிடந்த கல்லிலும் தூயதாகத்தானே இருக்கவேண்டும்? நியாயமான கேள்வி. இரட்டைப் பளிங்கு, குமிழி முதலிய வெளிப்படையான பழுதுகளைப் பொறுத்தவரையில் வளர்ப்புக் கல்லே மேலானது. அணுவளவிற் பார்த்தாலோ, அது சோடியக் கரைசலிலே பிறந்து சோடியக் கரைசலிலே குளித்து வளர்ந்த குழந்தை. அதன் உடலில் அந்தச் சோடியம் ஒட்டாமற் போகுமா?

ஒட்டுவதற்கு இடங்கொடுப்பது வேறொருவன். குவாட்சு என்பது சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த கட்டடம். சிலிக்கனுக்கு நான்கு கைகள். நான்கினாலும் நான்கு ஒட்சிசன் அணுக்களைப் பற்றி நிற்கும். வளரும் வேளையில் எங்கேனும் ஒரு சிலிக்கனின் இடத்தில் அலுமினியம் வந்து உட்கார்ந்துவிடுகின்றது. நல்ல கல்லிலே பத்து இலட்சம் சிலிக்கனுக்கு ஒரு சில அலுமினியந்தான் இருக்கும். அலுமினியத்துக்குக் கைகள் மூன்றே. நான்காவது கையின் குறையை ஈடுசெய்ய நேரேற்றம் உடைய ஒன்று அருகில் வந்து நிற்கவேண்டும். சோடியம், இலிதியம் என்னும் சிறு அயன்கள் அந்த இடத்துக்கு வந்து சேருகின்றன. வீட்டுக்காரன் அலுமினியம், குடியிருப்பவன் சோடியம். வீட்டுக்காரன் சுவரோடு சுவராகப் பதிந்துவிட்டான். அவனை அசைக்க இயலாது. குடியிருப்பவன் அப்படியல்லன்.

சோடியத்தைக் கட்டுத்தறியிற் கட்டிய கன்றுக்கு ஒப்பிடலாம். அலுமினியத்தின் ஒரு பக்கத்தில் நிற்கும். சிறிது அசைவு வந்தால் மறுபக்கத்துக்குத் தாவும். தகடு அதிரும்போது, தாவுதற்கான வேகமும் அதிர்வின் வேகமும் இசைந்து வரும் வெப்பநிலையில், ஒவ்வோர் அதிர்விலிருந்தும் சிறிது வலுவை இக்கன்று தின்றுவிடுகின்றது. 50 இலட்ச அதிர்வுத் தகட்டில் இவ்விசைவு சுழியத்துக்குக் கீழ் ஏறக்குறைய 220 பாகைக் குளிரில் நிகழ்கின்றது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிங் என்பவர் இயற்கைக் கற்களையும் வளர்ப்புக் கற்களையும் இவ்வாறு குளிர்வித்து ஆராய்ந்து, 1959இல் விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார். அத்தகைய குளிரில் எவரும் கடிகாரம் வைத்திருப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் கல்லினுள் சோடியம் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாக அந்தக் குளிர்ச் சோதனை பயன்பட்டது. வெப்பம் ஏறும்போதோ வேறொரு தொல்லை: கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பளிங்கினுள் உலாவத் தொடங்குகின்றது. மிக நுட்பமான அதிர்வுத் தகடுகள், வெப்பம் மாறாதிருக்க, 70 அல்லது 80 பாகை வெப்பமுள்ள சிறு பெட்டிகளில் வைக்கப்படுகின்றன என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

இந்த உலாவலே கல்லைத் தூய்மையாக்கும் வழியையும் திறந்துவிட்டது. குவாட்சின் அணுக் கட்டடத்தில், ஒளியியல் அச்சு எனப்படும் திசையிலே, நீண்ட ஒழுங்கைகள்போல் இடைவெளிகள் ஓடுகின்றன. சோடியம் போன்ற சிறு அயன்கள் அவ்வொழுங்கை வழியே நகரவல்லவை; குறுக்கே செல்வது அவற்றுக்கு மிகக் கடினம். 1888இலேயே வார்புர்க், தெகெற்மயர் என்னும் ஜேர்மானிய அறிஞர் இருவர், சூடாக்கிய குவாட்சினூடே இந்த அச்சுத் திசையில் மின் பாய்வதையும், அம்மின்னைச் சுமந்து செல்வது சோடியமே என்பதையும் காட்டியிருந்தார்கள். வானொலித் தகடு என்ற எண்ணமே பிறவாத காலம் அது. அறுபது எழுபது ஆண்டுகள் அக்கண்டுபிடிப்பு நூலகத்திற் கிடந்து, பிறகு தொழிற்கூடத்துக்கு வந்தது.

தனிச் சூடு போதாதா, தனி மின் போதாதா என்று எண்ணலாம். நுவரெலியாவின் மார்கழிக் குளிரில் போத்தலினுள் உறைந்த தேங்காயெண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். போத்தலை எவ்வளவு சரித்தாலும் எண்ணெய் வராது. அடுப்பருகே வைத்தால் இளகும்; ஆனால், சரிக்காவிட்டால் உள்ளேயே நிற்கும். இளக்குவது சூடு, திசை காட்டுவது சரிவு. பளிங்கிலே இளக்கும் வேலையைச் சூடு செய்கின்றது; சரிவின் வேலையை மின்புலம் செய்கின்றது.

வேலை நடக்கும் விதம் இது. ஒளியியல் அச்சுக்குச் செங்குத்தாக இரு முகங்கள் அமையுமாறு கல்லை அறுத்து, அம்முகங்களின்மேல் பொன் அல்லது பிளாற்றினத்தை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். இவையே மின்வாய்கள். கல்லை மின்னுலையில் வைத்து, வெடித்துவிடாதபடி மெல்ல மெல்லச் சூடேற்றி, 500 பாகை அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். பின்னர், கல்லின் நீளத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய 1,000 உவோற்று என்ற அளவில் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். நேரேற்றமுள்ள சோடியமும் இலிதியமும் எதிர் மின்வாயை நோக்கி ஒழுங்கை வழியே நடக்கத் தொடங்குகின்றன. குடியிருந்தவன் வெளியேறினால் வீட்டுக்காரனின் குறையை யார் ஈடுசெய்வது? அதற்குத்தான் நேர் மின்வாயின் பக்கத்தில் ஐதரசன் காத்திருக்கின்றது. உலையின் காற்றிலுள்ள நீராவியே அதனைத் தந்துவிடும். ஐதரசன் வாயுவையே செலுத்துவதும் உண்டு. அது கல்லினுட் புகுந்து, சோடியம் விட்ட இடத்தில் அமர்ந்து, அயலிலுள்ள ஒட்சிசனை இறுகப் பற்றிக்கொள்கின்றது. கன்றைப்போல் அங்குமிங்கும் தாவும் பழக்கம் அதனிடம் இல்லை.

இந்த வேலைக்கு ஆங்கிலத் தொழிற்கூடத்தார் இட்ட பெயர், விளக்குமாற்றாற் கூட்டுதல் என்று பொருள்படும். முற்றத்தைக் கூட்டுவதுபோல் அழுக்கையெல்லாம் ஓர் ஓரத்துக்கு ஒதுக்குவதால் அப்பெயர் பொருத்தமானதே. எனினும், பழைய குடியை எழுப்பிப் புதுக்குடியை அமர்த்தும் செய்தி அப்பெயரில் அடங்கவில்லை என்பது என் எண்ணம். வெற்றிடத்தில் வைத்து, ஐதரசனும் புகாதபடி கூட்டும் முறையும் உண்டு. அப்பொழுது இலத்திரன் ஒன்று குறைந்த வெற்றிடமே குறையை நிரப்புகின்றது.

வேலை முடிவதற்கு நாட்கணக்காகும். சிலவேளை வாரக்கணக்கும் ஆகும். எப்போது முடிந்தது என்பதை மின்னோட்டமே சொல்லும். தொடக்கத்தில் அயன்கள் திரளாக நடப்பதால் ஓட்டம் மிகுந்திருக்கும். அவை தீரத் தீர ஓட்டமும் தளர்ந்து ஓரளவில் நிலைபெறும். அதன்பின் உலையைக் குளிரவிடவேண்டும். ஆனால், கல் குளிர்ந்து முடியும்வரை மின்னழுத்தத்தை நிறுத்தக்கூடாது. சூடு தணியுமுன் நிறுத்தினால், ஒதுக்கிய குப்பை காற்றடித்து மீண்டும் முற்றத்திற் பரவுவதுபோல் அயன்கள் உள்ளே திரும்பிவிடும். சூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 573 பாகையில் குவாட்சு தன் அமைப்பை மாற்றிக்கொள்கின்றது. அவ்வெல்லையைத் தாண்டிவிட்டுக் குளிரும் கல், உள்ளே திசை மாறிய பகுதிகளுடன் இரட்டைப் பளிங்காகிவிடக்கூடும். வெளித் தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. தகடு அறுக்கவோ உதவாது. மாதக்கணக்கில் வளர்த்த கல், சில பாகைக் கவனக் குறைவினால் வீணாகிவிடும்.

கூட்டிய கல்லைக் கிங் செய்ததுபோல் குளிர்வித்து நோக்கினால், சோடியத்தின் சாட்சி மறைந்துபோயிருக்கும். இன்னொரு நன்மையும் எதிர்பாராமற் கிட்டியது. தகடுகளை மிக மெல்லியதாக்க அமிலத்தில் இட்டு அரிக்கும்போது, சாதாரணக் கல்லிலே ஊசித் துளைகள்போன்ற நுண்ணிய சுரங்கங்கள் விழும். கூட்டிய கல்லில் அவை பெரிதும் குறைந்திருந்தன.

இத்தனை பாடுபட்டு இதனைச் செய்வதற்கு முதற் காரணம் கதிர்வீச்சு. எக்சுக் கதிரோ காமாக் கதிரோ விரைந்து வரும் நுண்துகளோ பளிங்கினூடே பாய்ந்தால், அலுமினியத்துக்கும் சோடியத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பு அறுந்து, சோடியம் வேறிடம் போய் அமரும். அதனால் கல்லின் மீள்தன்மை சிறிது மாறும். மீடிறனும் உடன் மாறும். மாற்றம் மிகச் சிறியதுதான். ஆனால், பத்துக் கோடியில் ஒரு பங்கு பிழை என்றால், மூன்றாண்டுக்கு ஒரு செக்கன் பிழை. வானவெளியிற் செல்லும் கருவிகளுக்கு அதுவும் மிகப் பெரிது.

2001 டிசம்பரில் பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து யேசன்–1 என்னும் செயற்கைக் கோளை ஏவின. கடல்மட்டத்தை 1,336 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அளப்பது அதன் பணி. உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் வீதம் உயர்வதைக் கண்டு சொல்லவேண்டுமாயின், அளக்கும் கோள் எங்கே நிற்கிறது என்பதை மிகத் துல்லியமாக அறிதல் வேண்டும். அதற்கான வழிகளுள் ஒன்று, உலகெங்கும் நிறுவப்பட்ட தரைநிலையங்கள் அனுப்பும் வானொலிச் சைகைகளின் மீடிறனைக் கோளிலுள்ள குவாட்சு அதிர்வியோடு ஒப்பிடுவதாகும். பூமியின் காந்தப் புலம், பிறேசிலுக்கும் தென் அத்திலாந்திக் கடலுக்கும் மேலே வலுக் குறைந்திருக்கின்றது. பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சு வளையம் அவ்விடத்தில் தாழ்ந்து வருகின்றது. கோள் அப்பகுதியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்வியின் மீடிறன் இடம்பெயர்ந்தது. உலகுக்கு முதலில் குவாட்சை வழங்கிய நாட்டின் வானத்திலேயே குவாட்சு தடுமாறியது ஒரு விந்தைதான்.

கோளின் பாதையை அறிய வேறு வழிகளும் இருந்தமையால் கடல்மட்ட அளவீடு கெட்டுவிடவில்லை. எனினும், இக்கோளின் தரவுகளைக் கொண்டு கணித்தபோது, அப்பகுதியிலுள்ள தரைநிலையங்கள் இருக்குமிடத்திலிருந்து விலகியிருப்பதாகக் கணக்குக் காட்டியது. கழற்றி மாற்ற அங்கே யாரும் செல்ல இயலாது. கதிர்வீச்சு எங்கே எவ்வளவு என்று வரைந்து, பிழையைக் கணக்கினாலே திருத்தும் முறையொன்றை ஆய்வாளர் 2006இல் வெளியிட்டனர். 2008இல் ஏவப்பட்ட யேசன்–2இலே இத்தொல்லை பெரிதும் குறைந்திருந்தது, முற்றாக மறையவில்லை. விண்வெளி அதிர்விகளுக்கு மின்னாற் கூட்டிய கல்லைத் தெரிந்தெடுப்பதும், தகட்டை முன்கூட்டியே கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பழக்குவதும் இத்தகைய தொல்லையை முன்னிட்டுக் கையாளப்படும் முறைகள்.

முற்றாக மறையாமைக்குக் காரணம் உண்டு. கூட்டுவதால் அலுமினியம் வெளியேறுவதில்லை. ஐதரசனும் கடுங்கதிர் பட்டால் ஓரளவு அசையவே செய்யும். ஆகவே, கல் வளர்ப்போர் அடியில் இடும் துண்டுகளைத் தெரிவதிலேயே அலுமினியத்தைக் குறைக்க முயல்கிறார்கள், வளர்ச்சியை மெதுவாக்குகிறார்கள், ஒரே கல்லிலும் அழுக்குக் குறைந்த பகுதியிலிருந்தே தகட்டை அறுக்கிறார்கள். இவற்றின் பின்னரே புடமிடும் வேலை வருகின்றது. மட்டமான கல்லைக் கூட்டி உயர்ந்த கல்லாக்கிவிடலாம் என்று எண்ணுதல் தவறு.

செலவும் சிறிதன்று. நாட்கணக்கில் எரியும் உலை, பொன் பூச்சு, காவல் இருக்கும் ஆள் ஆகியவற்றின் செலவையெல்லாம் ஒரு சில கற்களே தாங்கவேண்டும். எனவே, விண்வெளிக்கும், மிக நுட்பமான அளவைகளுக்கும், கதிர்வீச்சு உள்ள இடங்களுக்கும் வேண்டிய தகடுகளுக்கே இம்முறை ஒதுக்கப்படுகின்றது. நேயர்களின் கைக்கடிகாரத்தினுள் செக்கனுக்கு 32,768 முறை அதிரும் சிறு கவைக்கும் வளர்ப்புக் கல்லே பயன்படுகின்றது. ஆனால், அது பொதுவாக இந்தப் புடத்தைக் காண்பதில்லை. நாளொன்றுக்கு அரைச் செக்கன் முன்பின்னாக ஓடினாலும் நாம் அதனைக் குறைகூறுவதில்லை; மணியொலி கேட்டவுடன் முள்ளைத் திருப்பிச் சரிசெய்துகொள்கிறோம்.